முருகைத் தொட்டியில் பாசித் தொல்லை: கொழும்பு வீடுகளுக்கான ஒரு செய்முறை

பவளமும் கடல்மீனும் வளர்க்கும் முருகைத் தொட்டியில் பாசி மூடினால், மருந்து வாங்கப் போவதற்கு முன் மூடியுள்ள ஒரு சின்னப் போத்தலை எடுங்கள். தொட்டி லைட் எரிந்து மூன்று நான்கு மணி நேரம் ஆனபின், தொல்லை தரும் பாசியை ஒரு கரண்டியளவு உறிஞ்சி, 100 மில்லிலீற்றர் தொட்டித் தண்ணீரோடு போத்தலில் அடைத்து ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். பிறகு டிசு பேப்பரால் வடித்து, வடிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் லைட்டுக்குக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீருக்குள் மண்ணிற நூல்கள் மறுபடி கூடிவந்தால் அது டைனோ (டைனோஃபிளஜெலேட் என்ற ஒருகல உயிர்). தெளிவாகவே இருந்தால் அது பெரும்பாலும் வேறு ஏதோ.

இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்காதீர்கள். முடிப் பாசிக்குச் செய்யும் வைத்தியம் டைனோவுக்குத் தீனி. தண்ணீரை மாற்றி, பாசியின் உணவான பொஸ்பேட்டை இழுத்து, மீனுக்குச் சாப்பாட்டைக் குறைத்து, தொட்டியைப் பளிங்குபோல ஆக்கிய பிறகுதான் டைனோ முழுத் தொட்டியையும் மூடும். பவளங்களை இழந்த பல தொட்டிகளில் நடந்தது இதுதான்: கொன்றது பாசி அல்ல, தவறான வைத்தியம்.

எது எது

மண்ணிலும் கண்ணாடியிலும் தூள் தூவியதுபோலக் கபில நிறம், விரலால் தொட்டால் கலைந்துவிடும்: டயட்டம். புதிய தொட்டியில் மூன்றிலிருந்து ஆறு கிழமை இருந்துவிட்டுத் தானாகப் போகும். ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு வருடம் ஓடிய தொட்டியில் திடீரென்று வந்தால் பெரும்பாலும் ஆர்.ஓ. வடிகட்டியின் (குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகளை மெம்பிரேன் வழியாக அகற்றும் கருவி) டீ.ஐ. பிசின் (மிச்ச உப்பைப் பிடிக்கும் கடைசிக் கட்டம்) முடிந்துவிட்டதென்று பொருள். பிசின் களைக்கும்போது முதலில் நழுவி வருவது சிலிக்கேட். அது மின்னேற்றம் குறைந்த பொருள் என்பதால், கரைந்த உப்புகளை அளக்கும் டீ.டி.எஸ். மீற்றரில் சரியாகத் தெரியாது. மீற்றர் 0 காட்டுகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு ஆடை, நுனியைப் பிடித்து இழுத்தால் பாலாடைபோல உரிந்து வரும், ஒரு மண் வாசம் இருக்கும்: சயனோ. இது பாசியே அல்ல, பக்றீரியா.

பச்சை நூல்கள், பட்டுப்போல அசையும், பிடுங்கினால் அறும்: முடிப் பாசி. அதே பச்சை, ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் நடுத்தண்டும் இரு பக்கக் கிளைகளுமாகக் கோழி இறகுபோல இருந்தால் பிரையாப்சிஸ். கைலென்ஸ் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பச்சைக் கண்ணாடி உருண்டைகள் குமிழ்ப் பாசி.

சளிபோலத் தொங்கும் மண்ணிற நூல், நுனியில் காற்றுக் குமிழ், இரவில் குறைந்து மத்தியானத்துக்குள் திரும்ப வரும், நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து கிடக்கும்: டைனோ.

அளந்து பாருங்கள்

வைத்திருக்க வேண்டிய அளவு: நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்), பொஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். ஹன்னா கம்பனியின் பொஸ்பரஸ் செக்கர் என்ற அளவுக் கருவியைப் பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்திலொன்று) கணக்கில் பொஸ்பரஸைக் காட்டும். 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால்தான் பொஸ்பேட் பிபிஎம் வரும். செக்கரில் 20 என்றால் 0.061.

தொட்டி முழுக்கப் பச்சை, டெஸ்ட் கிட்டில் மட்டும் பூச்சியம் என்று பலர் குழம்புகிறார்கள். பாசியே அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் விடை. வரவும் செலவும் ஒரே வேகத்தில் நடக்கும்போது கையிருப்பு பூச்சியமாகத் தெரியும். ஆகவே கையிருப்பை மட்டும் பார்க்காமல் வரவைத் தேடுங்கள்.

வரவின் பெரும்பகுதி மீன் சாப்பாடு. உலர் உணவின் எடையில் சுமார் 1 வீதம் பொஸ்பரஸ். ஒரு கிராம் உணவில் 10 மில்லிகிராம் பொஸ்பரஸ், அதாவது ஏறக்குறைய 30 மில்லிகிராம் பொஸ்பேட். 200 லீற்றர் தொட்டியில் அது 0.15 பிபிஎம். ஒரு நாளைக்கு ஒரு கிராம் போடுகிறவர், ஒவ்வொரு நாளும் அத்தனையையும் ஏதோ ஒரு வழியில் வெளியே எடுத்தாக வேண்டும்: ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவி), பில்டர் சொக்ஸ் (அழுக்கை வடிக்கும் துணிப்பை), ரெஃப்யூஜியத்தில் (பாசி வளர்க்கும் தனி அறை) வளரும் கீற்றோ பாசி, பவளத்தின் வளர்ச்சி. இந்தக் கணக்கு பொருந்தாத தொட்டியில் மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வரவு கல். கடற்கரையில் பொறுக்கிய செத்த முருகைக்கல்லும், முன்பு வேறு தொட்டியில் கிடந்த பழைய கல்லும் பொஸ்பேட்டைத் தனக்குள் கட்டி வைத்திருக்கும், தண்ணீரில் குறையக் குறைய மெல்ல விடும். (முருகைக்கல்லை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.) மூன்றாவது, கல்லுக்குப் பின்னாலும் சம்பின் (தொட்டிக்குக் கீழேயுள்ள வடிகட்டும் தொட்டி) மூலையிலும் படியும் சகதி.

கொழும்புத் தண்ணீரும் கொழும்பு வெயிலும்

கடல் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதற்காக வெள்ளவத்தையில் வாளியை இறக்காதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழும் இடங்கள், களனி கங்கை சேரும் முகத்துவாரம், இவை எல்லாம் பொஸ்பேட்டும் நைட்ரேட்டும் வரும் வாசல்கள். நகரத்தின் கழிவுநீர் நீண்ட குழாய்கள் வழியே கடலுக்குள் விடப்படுவதும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும்தான். தென்மேல் பருவப்பெயர்ச்சி அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை கரையோரத் தண்ணீர் கலங்கியே இருக்கும். ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு உப்பும் குறைந்திருக்கும்.

இயற்கைக் கடல்நீர்தான் வேண்டுமென்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, மழையில்லாத ஒரு கிழமைக்குப் பிறகு, ஆற்று வாய்களுக்குத் தூரமாக, படகில் போய் எடுத்த தண்ணீராக இருக்கட்டும். 5 மைக்ரோன் வடிகட்டியால் வடித்து, மூடிய கறுப்பு பீப்பாயில் காற்றூட்டியபடி இரண்டு கிழமை வையுங்கள். பொஸ்பேட் 0.03க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். எங்கள் யோசனை, பாசியோடு போராடும் மாதங்களில் கடல்நீரை விட்டுவிட்டு உப்புக் கலந்த ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் பாவிப்பதே. குறைந்தபட்சம் ஒரு வரவு வாசல் அடைபட்டதென்று உறுதியாகத் தெரியும்.

அடுக்குமாடியில் ஆர்.ஓ. வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தம். மெம்பிரேனுக்கு 50 பிஎஸ்ஐ அளவு வேண்டும். மொட்டைமாடித் தாங்கிக்கு மூன்று மீற்றர் கீழே இருக்கும் மேல்மாடி வீட்டுக் குழாயில் 4 அல்லது 5 பிஎஸ்ஐதான் இருக்கும். பூஸ்டர் பம்ப் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர் சொட்டும், உப்புகளும் நழுவும். பம்ப் பூட்டுங்கள், கார்பனை ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள், டீ.டி.எஸ். 1 காட்டிய அன்றே பிசினை மாற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடுகளில் பிசின் இன்னும் விரைவாக முடியும், ஏனென்றால் கிணற்றில் நைட்ரேட் கூடுதலாக இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது சூடு. அறை 30 பாகையில் இருக்க, பம்புகளும் லைட்டும் சேர்ந்து தொட்டியை அதற்கும் மேலே தள்ளும். 26 பாகைக்குக் கொண்டுவர ஃபான் மட்டும் போதாது. காற்றில் ஈரம் கூடிய ஊரில் தண்ணீர் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாதவர்கள் 27, 28 பாகையில் நிலையாக வைத்திருக்கவாவது முயலுங்கள். 25 பாகைக் கடல்நீர் லீற்றருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடிக்கும், 30 பாகையில் 6.2 தான். செத்த பாசி அழுகும்போது அந்த ஒட்சிசனையும் எடுக்கும். கீழே சொல்லும் எந்த வைத்தியத்துக்கும் காற்றுக்கல் ஒன்று தொட்டியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இதனால்தான். கரண்ட் போனால் ஓட பற்றரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றும் வைத்திருங்கள்.

கடலைப் பார்த்த மேற்கு ஜன்னல் வீடுகளுக்கு ஒன்று: மாலை மூன்று மணியிலிருந்து தொட்டியில் விழும் வெயிலுக்குத் தடித்த திரை போடுங்கள். தொட்டி லைட்டை எட்டு மணி நேரத்துக்குக் குறைத்து, வெள்ளையையும் சிவப்பையும் தாழ்த்தி நீலத்தை அப்படியே விடுங்கள்.

முடிப் பாசி: கையால் தொடங்க வேண்டும்

நத்தையும் பிளெனி மீனும் குட்டைப் பாசியைத்தான் மேயும். இரண்டு சென்ரிமீற்றர் வளர்ந்த புல்லுக்குள் அவை போகா. பாசி நீண்டு கிடக்கும் தொட்டியில் ஐம்பது நத்தை விட்டால் ஐம்பதும் பட்டினி கிடந்து செத்து, இன்னும் பொஸ்பேட்டாக மாறும். ஆகவே வெட்டிக் குட்டையாக்குவது நீங்கள், மேய்வது அவை.

மூன்று வாளி வேண்டும், மூன்றிலும் தொட்டித் தண்ணீர். ஒரு நாளில் மொத்தக் கல்லில் மூன்றிலொன்றுக்கு மேல் தொடாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்: கல்லில் ஜோஆந்திட் (பொத்தான் போலிருக்கும், பவளத்துக்கு உறவான உயிர்) இருந்தால் அதில் இருக்கக்கூடிய பாலிடொக்சின் என்ற நச்சு வெட்டுக்காயம் வழியாகவும் கண் வழியாகவும் உடம்புக்குள் போகும். பாசியை அழிக்கக் கல்லை அவிப்பது என்ற எண்ணமே வேண்டாம். அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள்.

முதல் வாளியில் கல்லை வைத்து, விறைப்பான பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியைப் பிடுங்குங்கள். இரண்டாவதில் அலசுங்கள். வெளியே எடுத்துப் பிடித்து, சிரிஞ்சால் 3 வீத ஐதரசன் பெரொக்சைட்டைப் பாசியின் அடிவேரில் படும்படி சொட்டவிடுங்கள், பவளத்தில் படக் கூடாது. பாமசியில் 6 வீதம் என்று எழுதிய போத்தலைத் தந்தால் அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 3 ஆகும். லேபிளைப் பார்க்காமல் பாவிக்காதீர்கள். நுரை வரும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு மூன்றாவது வாளியில் கழுவித் திருப்பித் தொட்டியில் வையுங்கள். இரண்டு நாளில் அடித்தழும்பு வெளிறும், நாலாம் நாள் நத்தைகள் அதை மொய்க்கும். முதல் வாளித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

அசைக்க முடியாத கல்லென்றால் தொட்டிக்குள்ளேயே 12 மில்லிமீற்றர் டியூப்பின் வாயில் பிரஷ்ஷைக் கட்டி, தேய்க்கத் தேய்க்க உறிஞ்சி, 200 மைக்ரோன் சொக்ஸ் வழியாகச் சம்புக்கு விடுங்கள். சொக்ஸை அன்றே கழற்றிக் கழுவ வேண்டும். மிதந்து திரியும் ஒவ்வொரு துண்டும் இன்னோர் இடத்தில் முளைக்கும்.

பெரொக்சைட்டை நேரே தொட்டித் தண்ணீரில் ஊற்றும் வழக்கமும் உண்டு, 40 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் என்று. கிளீனர் இறால் அதில் செத்துப்போகலாம் என்பதால் அதை நாங்கள் கடைசிக்கு ஒதுக்குகிறோம்.

கையால் எடுத்த பிறகுதான் பொஸ்பேட்டைக் குறைக்கும் வேலை. 200 லீற்றருக்கு 50 கிராம் ஜி.எஃப்.ஓ. (பொஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டுத் துகள்) போட்டுத் தொடங்குங்கள், பொட்டலத்தில் எழுதிய முழு அளவையும் முதல் நாளே போடாதீர்கள். கிழமைக்கு இருக்கும் அளவில் மூன்றிலொன்று இறங்கினால் போதும். 0.3 இலிருந்து ஒரே இரவில் 0.02க்கு விழுந்தால் அக்ரொப்போராப் பவளம் அடியிலிருந்து வெள்ளையாக உரியலாம். கல்லிலிருந்து பொஸ்பேட் திரும்பத் திரும்ப வரும், அதனால் அளவு இறங்கி ஏறுவதைக் கண்டு மனம் சோர வேண்டாம். ஆறு முதல் பத்துக் கிழமை எடுக்கும். கிழமைக்கொருமுறை 60 மில்லிலீற்றர் சிரிஞ்சால் கல் இடுக்குகளை ஊதிச் சகதியைக் கிளப்பி, 10 வீதத் தண்ணீரோடு உறிஞ்சி எடுங்கள்.

பிரையாப்சிஸ்

பிரஷ்ஷும் பட்டினியும் இதற்குப் போதாது. ஃபுளுக்கொனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து வேலை செய்கிறது. அளவு லீற்றருக்கு 5 மில்லிகிராம். 200 லீற்றர் உண்மையான தண்ணீர் (கல்லையும் மண்ணையும் கழித்து, சம்பைச் சேர்த்து) என்றால் 1000 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் காப்சூல் ஏறக்குறைய ஏழு. காப்சூலைத் திறந்து தூளை ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, ஓட்டம் பலமாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள். ஒரே தடவைதான். முன்னதாகத் தொட்டியில் ஓடும் கார்பன், ஜி.எஃப்.ஓ. இரண்டையும் வெளியே எடுத்து, யூ.வி.யை (தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்லும் புறஊதா விளக்கு) நிறுத்தி, ரெஃப்யூஜியம் பாசியையும் வேறு வாளிக்கு மாற்றுங்கள். ஸ்கிம்மர் கோப்பையைக் கழற்றிவிட்டுக் காற்றுக்காக மட்டும் ஓடவிடலாம்.

முதல் கிழமை ஒன்றும் தெரியாது. இங்கேதான் பலர் பொறுமை இழந்து இரண்டாம் முறை ஊற்றுகிறார்கள். பத்தாம் நாளளவில் நுனி வெளிறும். இரண்டாம் கிழமை முடிவில் கையால் எடுத்தாலே கழன்று வரும், வந்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள், அழுக விடாதீர்கள். மூன்றாம் கிழமை முடிந்ததும் 25 வீதம் தண்ணீர் மாற்றி, புதுக் கார்பன் போடுங்கள்.

குமிழ்ப் பாசி, சயனோ

குமிழை உடைக்காமல் கல்லை வெளியே எடுத்து, தட்டை ஸ்குரூட்ரைவரால் அடியோடு நெம்புங்கள். தொட்டிக்குள் செய்வதென்றால் உறிஞ்சும் டியூப் வாய் பக்கத்திலேயே இருக்கட்டும். கிழமைக்கொருமுறை இரண்டு மாதம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

சயனோவை உறிஞ்சி எடுத்து, அது படிந்த இடத்துக்கு ஒரு வேவ்மேக்கரை (தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் பம்ப்) திருப்புங்கள். ஓட்டம் தட்டாத மூலையில்தான் அது அதிகம் படரும். நைட்ரேட் பூச்சியமாயும் பொஸ்பேட் உயர்ந்தும் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சமமின்மை அதற்கு வாய்ப்பு. பிறகும் விடாவிட்டால் மூன்று நாள் இருட்டு: லைட் முழுதாக அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றி, காற்றுக்கல்லைக் கூட்டி, சாப்பாட்டைக் கால்வாசியாக்குங்கள். பவளங்கள் அதைத் தாங்கும். நாலாம் நாள் 20 வீதம் தண்ணீர் மாற்றுங்கள். அன்ரிபயோட்டிக் போட்டால் சயனோ சில நாளில் போகும், ஆனால் காரணம் அப்படியே நிற்பதால் திரும்பவும் வரும்.

டைனோ: இங்கே எல்லாம் தலைகீழ்

தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். ஜி.எஃப்.ஓ.வை எடுங்கள். ஸ்கிம்மரைக் குறையுங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10க்கும் பொஸ்பேட்டை 0.05 முதல் 0.1க்கும் உயர்த்த வேண்டும், ஏனென்றால் டைனோவை நெருக்கித் தள்ளக்கூடிய நல்ல பாசிகளும் பக்றீரியாவும் பட்டினியில் செத்துப் போனதால்தான் அது வந்தது.

200 லீற்றரில் நைட்ரேட்டை 5 உயர்த்த 1.4 கிராம் சோடியம் நைட்ரேட். பொஸ்பேட்டுக்கு மொனோ பொட்டாசியம் பொஸ்பேட் 1.43 கிராமை ஒரு லீற்றர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லிலீற்றர் 200 லீற்றர் தொட்டியை 0.05 உயர்த்தும். கல் அதைக் குடித்துவிடுவதால் மறுநாள் திரும்பவும் பூச்சியம் காட்டும். விடாமல் தினமும் அளந்து ஊற்றுங்கள், இரண்டு கிழமைக்குள் நிலைக்கும். தோட்ட உரத்தைக் கரைத்து ஊற்றுவது ஆபத்து, அதில் அமோனியமும் செம்பும் இருக்கலாம்.

அதோடு வகையைத் தெரிந்துகொள்ள 400 மடங்கு காட்டும் நுணுக்குக்காட்டி வேண்டும். ஏ.எல். உயிரியல் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒரு முனை கூர்த்த கண்ணீர்த்துளி வடிவில், ஒரே இடத்தில் கட்டிவைத்ததுபோலச் சுழன்றால் ஒஸ்ட்ரியொப்சிஸ். அது இரவில் கல்லை விட்டுத் தண்ணீருக்குள் மிதக்கும், அதனால் யூ.வி. அதைப் பிடிக்கும்: 200 லீற்றருக்கு 18 வாற்று, மணிக்கு 200 முதல் 600 லீற்றர் மெதுவான ஓட்டம், சம்பிலிருந்து எடுக்காமல் தொட்டியிலிருந்தே எடுத்துத் தொட்டிக்கே விட வேண்டும். நத்தைகளைக் கொல்லக்கூடிய நச்சையும் இது விடும், ஆகவே கார்பனைக் கிழமைக்கொருமுறை மாற்றுங்கள். தட்டையான முட்டை வடிவில், ஒரு சின்ன அலகுபோல முனை நீட்டி, சறுக்கியபடி ஓடினால் அம்ஃபிடினியம். அது மண்ணை விட்டு எழும்பாது, யூ.வி. வீண்செலவு. அதற்குச் சிலிக்கேட் ஊற்றி டயட்டத்தை வளர்த்து இடத்தைப் பிடிக்கவைப்பதுதான் வழி, இரண்டு மாதமாவது எடுக்கும்.

மேய்ப்பவை

200 லீற்றருக்கு பத்துப் பதினைந்து ட்ரொக்கஸ் நத்தை போதும். கவிழ்ந்தால் தானாக எழும்பும் என்பதால் டர்போவைவிட நல்லது. மெக்சிக்கோப் பக்கத்து டர்போ குளிர்ந்த தண்ணீர்க்காரன், நம் ஊர்ச் சூட்டில் நின்றுபிடிக்காது. ஒரு சலாரியாஸ் பிளெனியும் சேர்க்கலாம். பாசி தின்பதில் ஒரா மீனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் அது 30 சென்ரிமீற்றருக்கு வளரும், முள்ளில் விஷம் உண்டு. ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

புதிதாக வரும் ஒவ்வொரு ஃபிராக்கையும் (சிறு கட்டையில் ஒட்டித் தரும் பவளத் துண்டு) அடிக்கட்டையிலிருந்து வெட்டி, கட்டையை எறிந்துவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். பிரையாப்சிஸும் குமிழ்ப் பாசியும் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அந்தக் கட்டையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான். வெட்ட முடியாததை ஆறு கிழமை தனித் தொட்டியில், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இருட்டில் வைத்தால் ஒளிந்திருப்பது முளைக்காது. பிடுங்கிய பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள், கால்வாயிலோ கடலிலோ கொட்டாதீர்கள்.